டெக்கும் கேசட்டும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடியோ டெக்கின் டிராக்கிங் பற்றித்தான். டேப்பைப் படிக்கும் காந்த முனையை ஹெட் என்போம்; படம் பதிவான பாதையிலிருந்து அது விலகாமல் ஓடச் செய்வதுதான் டிராக்கிங். பரணில் கிடந்த கல்யாணக் கேசட்டை இறக்கி, எப்படியோ ஒரு டெக்கையும் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தால் திரை முழுக்கக் கோடு விழுகிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் டெக் வேலை பார்த்த நாளிலிருந்து எனக்குப் பழக்கமான பிரச்சினை இது. இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டெக் இன்னும் ஓடுகிறது. கேசட்டைச் செருகியதும் முகப்பில் ‘ஆட்டோ டிராக்கிங்’ என்று சில நொடிகள் மின்னுகிறது. அப்போது படத்தில் கோடுகள் ஏறி இறங்குகின்றன, பிறகு தெளிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? படத்தைப் பார்த்துத் தானாகவே சரிசெய்துகொள்கிறதா?
வாசகர், திருநெல்வேலி

டெக் படத்தைப் பார்ப்பதில்லை ஐயா. ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், ஆட்டோ டிராக்கிங் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது விளங்கிவிடும்.

டேப்பில் படம் எப்படி எழுதப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பாட்டுக் கேசட்டில் ஒலி டேப்பின் நீளவாக்கில் பதிவாகும். நம் வீடுகளில் இருந்த விஎச்எஸ் (VHS) வீடியோ கேசட்டில் படம் சாய்வாகப் பதிவாகிறது. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்று சற்றுச் சாய்ந்து நிற்கும், அதில் எதிரெதிராக இரண்டு ஹெட்கள். நம் ஊரில் இருந்த ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் டிரம் நொடிக்கு 25 தடவை சுற்றும். ஒவ்வொரு ஹெட்டும் டேப்பைக் கடக்கும்போது குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும் (இது டேப்பில் இருக்கும் பதிவுப் பாதை, திரையில் விழும் கோடு அல்ல). அந்தக் கோட்டின் நீளம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் இருபது கோடுகள் அடங்கும். ஒரு கோட்டில் அரைப்படம். இரண்டு கோடு சேர்ந்தால் முழுப்படம்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. டேப்பை வீணாக்கக் கூடாது என்பதற்காக ஒட்ட ஒட்டப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பக்கத்துக் கோடு கலந்துவிடாதா? அதற்காகத்தான் ஒரு ஹெட்டின் காந்த இடுக்கை ஒரு பக்கம் 6 டிகிரியும், மற்றதை எதிர்ப்பக்கம் 6 டிகிரியும் திருப்பி வைத்தார்கள். முதல் ஹெட் எழுதியதை அதே கோணத்தில் இருக்கும் ஹெட்தான் படிக்க முடியும். இரண்டாவது ஹெட் தப்பித் தவறி அதன்மேல் போனால், அதற்குக் கிடைப்பது வெறும் இரைச்சல். திரையில் பொரிப்பொரியாக வெள்ளையாகத் தெரிகிறதே, அது இந்த இரைச்சல்தான்.

ஆக, ஓடவிடும்போது ஒவ்வொரு ஹெட்டும் தனக்கான கோட்டின் மேலேயே போயாக வேண்டும். இதற்கு வழிகாட்டியாக டேப்பின் கீழ் ஓரத்தில் கன்ட்ரோல் டிராக் என்று ஒன்று இருக்கிறது. பதிவு செய்யும்போதே படத்துக்கு ஒன்றாக, நொடிக்கு 25 துடிப்புகள் அதில் எழுதப்பட்டுவிடும். டிரம்மைத் தாண்டிய இடத்தில் அசையாமல் நிற்கும் கன்ட்ரோல் ஹெட் அந்தத் துடிப்பைப் படிக்கிறது. டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டார் நூலிழை அளவு வேகம் கூட்டியோ குறைத்தோ, ‘துடிப்பு இந்த நேரத்தில் வந்தால் ஹெட் கோட்டின் மேல் இருக்கும்’ என்ற நிலைக்கு டேப்பைக் கொண்டுவந்து அங்கேயே பூட்டிவைக்கிறது.

டிராக்கிங் என்பது அந்தப் பூட்டில் நாம் வேண்டுமென்றே சேர்க்கும் ஒரு சின்னத் தாமதம். தாமதத்தை மாற்றினால் டேப் ஒரு துளி முன்னேயோ பின்னேயோ நகர்ந்து பூட்டிக்கொள்ளும், ஹெட் போகும் பாதையும் கோட்டின் மேல் நகரும். ஒரு முழுப்படத்துக்கு 40 மில்லிநொடிதான், ஆகவே தாமதத்தை எவ்வளவு மாற்றினாலும் அந்த அளவுக்குள்தான். பழைய டெக்குகளில் இதற்கு ஒரு குமிழ் இருந்தது. நடுவில் வந்ததும் ‘டிக்’ என்று நிற்கும். கோடு விழுந்தால் எழுந்துபோய்த் திருக வேண்டும். டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த வீடுகளில், அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள்.

1980-களின் பிற்பாதியில் வரத் தொடங்கிய ஆட்டோ டிராக்கிங் அந்த வேலையை மைக்ரோ கன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சில்லிடம் கொடுத்தது. ஹெட் கோட்டின் நட்டநடுவில் போனால் சிக்னல் முழு வலுவோடு வரும். விலக விலகக் குறையும். அந்த வலுவை ஒரு நேர் மின்னழுத்தமாக மாற்றிக் கன்ட்ரோலருக்குக் கொடுக்கிறார்கள். கன்ட்ரோலர் தாமதத்தை ஒவ்வொரு படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே போகிறது. எங்கே அதிகமாக இருந்ததோ அந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்க முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, கணீரென்று கேட்கும் இடத்தில் விடுகிறோமே, அதே முறைதான். நீங்கள் பார்க்கும் ஏறி இறங்கும் கோடுகள், டெக் அப்படித் தேடும்போது நல்ல இடத்தைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதும்தான்.

சிக்னல் குறைகிறது என்று டெக்குக்குத் தெரியும். எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம் என்று தெரியாது. நகர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விஎச்எஸ் ஆட்டோ டிராக்கிங்கின் பலமும் பலவீனமும் இதுதான்.

என் திருமணக் கேசட் மாமா வீட்டு டெக்கில் கண்ணாடி மாதிரி வருகிறது. எங்கள் டெக்கில் போட்டால் கோடு. எங்களுடையது ஆட்டோ இல்லாத பழைய மாடல். கேசட் கெட்டுப்போய்விட்டதா, டெக் கெட்டுப்போய்விட்டதா?
வாசகி, கும்பகோணம்

இரண்டும் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் அம்மா. டிரம்மிலிருந்து கன்ட்ரோல் ஹெட் சுமார் 79 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விஎச்எஸ் விதி. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தூரத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே ஹெட் ஒரு முழுக் கோடு தள்ளிப் போய்விடும். கால் மில்லிமீட்டர் பிசகு போதும், ஹெட் பாதிக் கோட்டுக்கு வெளியே போய்ப் படத்தில் இரைச்சல் கலந்துவிடும். தொழிற்சாலையில் அலைன்மென்ட் டேப் என்ற அளவு மாதிரி டேப்பை வைத்துச் சரியாகத்தான் வைத்து அனுப்புவார்கள். வருடக்கணக்கில் ஓடி, யாரோ திறந்து திருகி, எங்கோ விழுந்து, ஒவ்வொரு டெக்கும் கொஞ்சம் கொஞ்சம் விலகிவிடும்.

ஒரு டெக் தான் பதிவு செய்த கேசட்டைத் தானே ஓட்டினால் இந்தப் பிசகு வெளியே தெரியாது. எழுதும்போது இருந்த அதே விலகல் படிக்கும்போதும் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். வேறு டெக்கில் போட்டால்தான் வித்தியாசம் திரைக்கு வரும். உங்கள் டெக்கில் குமிழை நடுவிலிருந்து மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள். கோடு கீழே இறங்கி மறைந்தால் அது வெறும் டிராக்கிங்தான், கவலை வேண்டாம். அந்தப் பக்கம் மோசமானால் மறுபக்கம். பார்த்து முடித்ததும் குமிழை மறுபடி ‘டிக்’ என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அடுத்த கேசட்டுக்கு நடுநிலையிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

ஒரே கேசட்டுக்குள்ளேயே இது மாறலாம். முகூர்த்தத்தைத் தோளில் வைத்துப் பிடிக்கும் ஒரு விஎச்எஸ் கேமராவிலும், மாலை வரவேற்பை வேறு கேமராவிலும் அதே கேசட்டில் எடுத்திருந்தால், தாலி கட்டும்வரை தெளிவாக வந்த படம் வரவேற்பில் கோடு போடும். இந்த மாதிரிக் கேசட்டுக்கு ஆட்டோ டிராக்கிங் உண்மையிலேயே பெரிய உதவி.

ஆட்டோ வைத்தாலும் கையால் அழுத்தினாலும் படத்தின் மேல்பகுதியில் மட்டும் ஒரு பட்டை போகவே மாட்டேன் என்கிறது. கீழே எல்லாம் சுத்தம்.
வாசகர், ஈரோடு

இது டிராக்கிங் இல்லை தம்பி. டிரம்முக்கு இரண்டு பக்கமும் டேப்பை வழிநடத்தும் கைடு ரோலர்கள் இருக்கின்றன. டேப் டிரம்முக்குள் நுழையும் பக்கத்து ரோலர் உயரம் மாறியிருந்தால் படத்தின் மேல்பகுதி கெடும். வெளியேறும் பக்கத்து ரோலர் என்றால் கீழ்ப்பகுதி. டிராக்கிங்கால் பாதை முழுவதையும் சேர்த்துத்தான் நகர்த்த முடியும், ஒரு முனையில் மட்டும் வளைந்திருப்பதை நிமிர்த்த முடியாது. ஆட்டோவும் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. மொத்த வலு எங்கே அதிகமோ அங்கே நிற்கிறது, மேலே பட்டை மிச்சம்.

எல்லாக் கேசட்டிலும் இப்படி வந்தால் உங்கள் டெக்கில் குறை. இந்த ஒரு கேசட்டில் மட்டும் வந்தால், அதைப் பதிவு செய்த டெக்கில் குறை இருந்திருக்கிறது. அப்போது வேறு சில டெக்குகளில் போட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று ஒத்துப்போகும். கைடு ரோலரை மட்டும் நீங்களாகத் திருகாதீர்கள். சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியில் அதன் உருவத்தைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்ப வேண்டிய வேலை அது. குத்துமதிப்பாகத் திருகிக் கெடுத்த பிறகு கொண்டுவந்த டெக்குகளை நேராக்க நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன், எல்லோருக்கும் பயன்படும். டிராக்கிங் பொத்தானை அழுத்தும்போது பட்டை நகர்ந்தால் அது டிராக்கிங். அழுத்த அழுத்த அசையாமல் அதே இடத்தில் நின்றால் கைடு. படம் முழுக்கப் பனி கொட்டுவது போல இருந்து, அழுத்தினாலும் எதுவும் மாறவில்லை என்றால் ஹெட்டில் அழுக்கு, அல்லது ஹெட் தேய்ந்துவிட்டது. அழுக்கா தேய்மானமா என்பது சுத்தம் செய்து பார்த்தால் தெரியும்.

கோடு படத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. எத்தனை டெக் மாற்றினாலும் அதே நிமிடத்தில் அதே கோடு. ஆட்டோ டிராக்கிங் உள்ள டெக்கும் கண்டுகொள்ளவில்லை. ஏன்?
வாசகி, நாகர்கோவில்

உங்கள் கையில் இருப்பது நகல் கேசட். ஒரு காலத்தில் அசல் கேசட்டை ஒரு டெக்கில் ஓட்டி இன்னொரு டெக்கில் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றைக்கு ஓட்டிய டெக்கில் டிராக்கிங் சரியாக வைக்கவில்லை. அந்தக் கோடும் படத்தின் ஒரு பகுதியாகப் பதிவாகிவிட்டது. இன்றைக்கு உங்கள் டெக்கின் ஹெட் டேப்பில் உள்ள தன் பதிவுக் கோட்டின் நட்டநடுவில் போகிறது, சிக்னல் முழு வலுவோடு வருகிறது. அளக்கும் இடத்தில் எல்லாமே சரி என்பதால் டெக் திருப்தியாக நிற்கிறது. படத்தைப் பார்ப்பதில்லை என்று முதல் பதிலில் சொன்னது இதனால்தான்.

இதற்கு எந்த டெக்காலும் மருந்து கிடையாது. அசல் கேசட்டைத் தேடுங்கள். கல்யாண வீடியோ என்றால் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பது வழக்கம், அதில் ஒன்று மற்றதன் நகலாக இருக்கும். சம்பந்தி வீட்டில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பியது பெரும்பாலும் நகலாகத்தான் இருக்கும், அதை நம்பி அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்த சின்னக் கேசட் ஹேண்டிகேமில் டிராக்கிங் பொத்தானே இல்லையே. அதில் கோடும் விழுவதில்லை. எப்படி?
வாசகர், கீழக்கரை

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

எட்டு மில்லிமீட்டர் கேசட்டில் வேறு ஏற்பாடு. 1985-இல் சோனி அந்தக் கேமராக்களைக் கொண்டுவந்தபோது, கன்ட்ரோல் டிராக்கை நம்பாமல், படத்தின் கோட்டுக்குள்ளேயே ஒரு மெல்லிய அடையாள ஒலியைச் சேர்த்து எழுதினார்கள். நான்கு அடையாளங்கள்: 102.5, 119, 165, 148.7 கிலோஹெர்ட்ஸ் அளவில். முதல் கோட்டுக்கு முதலாவது, அடுத்த கோட்டுக்கு இரண்டாவது என்று வரிசையாக வந்து, நான்கு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

ஹெட் தன் கோட்டைப் படிக்கும்போது, பக்கத்துக் கோடுகளின் அடையாளமும் கொஞ்சம் ஒழுகி வரும். அலைவரிசை குறைவு என்பதால், ஹெட்டின் இடுக்குக் கோணத்தால் இதைத் தடுக்க முடியாது. அந்த ஒழுகல்தான் இங்கே வேண்டியது. எண்களைக் கழித்துப் பாருங்கள்: ஒரு பக்கத்துக் கோட்டோடு வித்தியாசம் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ், மறுபக்கத்துக் கோட்டோடு சுமார் 46. எந்தக் கோட்டை எடுத்தாலும் இப்படித்தான் வரும், அடுத்தடுத்த கோட்டில் பக்கம் மட்டும் மாறும். 16-உம் 46-உம் சம அளவில் வந்தால் ஹெட் நடுவில் இருக்கிறது. ஒன்று ஓங்கினால் அந்தப் பக்கம் சாய்கிறது. விஎச்எஸ் டெக்குக்குத் தெரியாத திசை இதற்குத் தெரிகிறது. அதனால் நின்று தேட வேண்டியதில்லை, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டே போகும்.

இதற்கும் முன்பே ஐரோப்பாவில் பிலிப்ஸும் குருண்டிக்கும் 1979-இல் கொண்டுவந்த வீடியோ 2000 ஒரு படி மேலே போனது. அதிலும் நான்கு அடையாள ஒலிகள். ஆனால் டேப்பை முன்பின் நகர்த்துவதோடு நிற்காமல், டிரம்மில் இருக்கும் ஹெட்டையே மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ தகட்டில் பொருத்தியிருந்தார்கள். சுற்றும் வேகத்திலேயே ஹெட் மேலும் கீழும் அசைந்து கோட்டைத் தொடரும், கோடு வளைந்திருந்தாலும் கூடவே வளையும். ஈரோடு வாசகரின் பிரச்சினை அந்த இயந்திரத்தில் பெரும்பாலும் வந்தே இருக்காது. இவ்வளவு அழகான வேலைப்பாடு சந்தையில் விஎச்எஸ்ஸோடு போட்டியிட முடியாமல் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கப் போகிறேன். ஆட்டோ டிராக்கிங்கில் விட்டுவிடலாமா, கையால் வைக்க வேண்டுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
வாசகி, கோயம்புத்தூர்

முதலில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடவே போடாதீர்கள். ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இது அதிகம். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அப்புறம் ஹெட். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துணியை டிரம்மின்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். நிலையாக நிற்கும் கன்ட்ரோல் ஹெட்டுக்கு மட்டும் பஞ்சுக் குச்சி பரவாயில்லை. நன்றாக உலர்ந்த பிறகே கேசட்டைப் போடுங்கள். இவ்வளவு கவனம் ஏன் என்றால், கடைசியாக விஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கையில் இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது டிராக்கிங். ஆட்டோவை அதன் வேலையைச் செய்ய விடுங்கள். முடிந்ததும் படத்தை நீங்களே பாருங்கள். பிளஸ், மைனஸ் பொத்தானை இரண்டிரண்டு படி அழுத்தி இன்னும் தெளிகிறதா என்று சோதியுங்கள். ஹெட் தேய்ந்த டெக்கில் சிக்னலின் உச்சம் கூர்மையாக இருக்காது, மழுங்கிப் பரந்திருக்கும். டெக் அதில் ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிடும், உங்கள் கண் அதைவிட நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கும். நல்ல இடம் கிடைத்ததும் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, அதே நிலையில் முழுதும் ஏற்றுங்கள். சில டெக்குகள் கேசட்டை வெளியே எடுத்துப் போட்டாலே மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும், ஆகவே சுற்றும்போது வெளியே எடுக்க வேண்டாம். நடுவில் டேப் சற்றுச் சேதமான இடம் வந்தால் சில டெக்குகள் பதறிப்போய்த் தேடலைத் தொடங்கிவிடும், அந்தச் சில நொடிகள் முழுக்கக் கோடாகப் பதிவாகும். கையால் வைத்துப் பூட்டியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. முகூர்த்தம் ஒரு கேமரா, வரவேற்பு ஒரு கேமரா என்று எடுத்த கேசட் என்றால் மட்டும், மாறும் இடத்தில் நிறுத்தித் தனித்தனிக் கோப்பாக ஏற்றுங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். ஹைஃபை ஒலி உள்ள டெக் என்றால், அந்த ஒலியும் டிரம்மில் சுற்றும் ஹெட்கள் வழியாகத்தான் வருகிறது. டிராக்கிங் விலகினால் ‘கர்ர்’ என்று ஓர் இரைச்சல் கலக்கும். சில சமயம் படத்தில் தெரியாத விலகல் இப்படிக் காதில் அகப்படும். இரைச்சல் போகவே இல்லை என்றால் ஒலியை ‘நார்மல்’ என்பதற்கு மாற்றுங்கள், டேப்பின் மேல் ஓரத்தில் நீளவாக்கில் பதிவான ஒலி வரும். அதற்கும் டிராக்கிங்குக்கும் சம்பந்தமில்லை.

டெக்கில் மணி, நிமிடம் காட்டும் கவுன்ட்டரையும் ஒரு கண் பாருங்கள். அது கன்ட்ரோல் துடிப்பை எண்ணித்தான் ஓடுகிறது. படம் ஓடியும் எண் நின்று போனால், படம் வேகம் கூடிக் குறைந்து தள்ளாடினால், டேப்பின் கீழ் ஓரம் கசங்கியிருக்கிறது, அல்லது கன்ட்ரோல் ஹெட்டில் அழுக்கு. டிராக்கிங் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அங்கே பலன் இராது. ஹெட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை போடுங்கள்.

ஏற்றிய பிறகு மென்பொருளில் கோட்டை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெட் படிக்காமல் விட்ட படம் கோப்பில் இல்லை, அக்கம்பக்கத்துப் படத்தை வைத்து ஒட்டுப்போடத்தான் முடியும். டெக்கிலிருந்து வெளியே வரும்போதே சரியாக வர வேண்டும். ஒரு கேசட்டுக்கு டிராக்கிங் பார்க்க மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கோப்பை முழுதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்த கேசட்டுக்குப் போங்கள். அசல் கேசட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.